கோவில் சுவருக்கு பேனல் சட்டை எதுக்கு?

 

கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க. ஆலய வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு வரி போட்டேன். "கூட்டத்துல பேசிக்கலாம் அண்ணே"ன்னு பதில் வந்துச்சு. கூட்டத்துல எனக்கு மூணு நிமிஷம் கிடைச்சாலே பெருசு. அதனால இங்கேயே எழுதிடறேன்.

விஷயம் உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கும்பாபிஷேகத்துக்கு முன்னால வெளிச்சுவர்ல இருக்கற சிமெண்டு பூச்சை உடைச்சு எடுத்துட்டு, அதுக்குப் பதிலா வேற ஏதாவது போடணும்னு நிர்வாகம் யோசிக்குது. உடைக்கணும்ங்கறதுல எனக்கு மறுப்பே இல்ல. போன மாசம் சமய வகுப்பு முடிஞ்சு பிள்ளைங்க செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தப்போ, மேற்குச் சுவர்ல இருந்து தேங்காய் மூடி அளவுக்கு ஒரு காரை பேந்து விழுந்துச்சு. விழுந்த இடத்துக்கும் ஒரு சின்னப் பொண்ணு தலைக்கும் ரெண்டு முழம்தான் இடைவெளி. அம்பாள் காப்பாத்தினா. ஒவ்வொரு தடவையும் அவளையே காவலுக்கு நிக்க வைக்கறது நியாயமில்ல.

என் சண்டை, பதிலுக்கு என்ன போடப் போறோம்ங்கறதுலதான். குத்தகைக்காரர் ஒருத்தர் வந்து பளபளன்னு ஒரு புத்தகத்தை விரிச்சு வெச்சார். அலுமினியம் பேனல், போம்ல செஞ்ச தூண், இடுப்பளவு கிரானைட், மேல ரப்பர் மாதிரி நீளற பெயிண்டு. படத்துல பாத்தா ஏதோ ஷாப்பிங் மால் மாதிரி இருக்கு. எல்லாரும் வாயைப் பிளந்து பாத்தாங்க. சுவர் ஏன் உதிருதுன்னு அவரும் கேக்கல, நம்மளும் கேக்கல. டாக்டர் நாடியைக்கூடப் பிடிச்சுப் பாக்காம மருந்துக் கடை கேட்டலாக்கை நீட்டின மாதிரி இருந்துச்சு.

பேசறதுக்கு எனக்கு என்ன தகுதின்னு கேப்பீங்க. இந்தக் கோவில்ல நான் தேங்காய் உடைக்கறவன், அன்னதானத்துக்கு அண்டா கழுவறவன். அதுக்கு முன்னால 19 வருஷம் தினமும் பாலம் தாண்டிப் போய் சிங்கப்பூர்ல கட்டட வேலை சூப்பர்வைசரா இருந்தவன். இன்னொரு தகுதியும் இருக்கு, அதைச் சொல்லத்தான் கூச்சமா இருக்கு. போன கும்பாபிஷேகத்தப்போ "பழைய சுண்ணாம்பைச் சுரண்டிட்டு சிமெண்டு போடுங்க, கல்லு மாதிரி நிக்கும்"னு முதல்ல சொன்னவன் நான்தான். பழைய ஆளுங்க ரெண்டு பேரு வேண்டாம்னாங்க. கேக்கல. நல்லா உறுதியா இருக்கட்டும்னு மூணு பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமெண்டுன்னு கலக்கச் சொன்னதும் நான்தான். இன்னைக்கு உதிர்ந்து விழறது என் காரை. அதனாலதான் இவ்வளவு சத்தம் போடறேன்.

என்ன தப்பு பண்ணினேன்னு சொல்றேன். நம்ம கருவறை, அர்த்தமண்டபம், மேற்குச் சுவர் மூணும் யுத்தத்துக்கு முன்னால தோட்டத்து சனங்க கட்டினது. சூளைச் செங்கல், நடுவுல சுண்ணாம்புச் சாந்து. அந்தச் செங்கல் மெத்துன்னு இருக்கும். மழை பெஞ்சா தண்ணியை உறிஞ்சும், வெயில் வந்தா மூச்சு விட்டு வெளிய தள்ளும். மேல பூசின சுண்ணாம்பும் அதே குணம்தான். சுவரோட சேந்து நனையும், சேந்து காயும். அது மேல போயி கெட்டியான சிமெண்டை அப்பினா என்ன ஆகும்? சிமெண்டு விறைப்பா நிக்கும், செங்கல் லேசா அசையும். தலைமுடி அளவுக்கு விரிசல் விடும். அந்த விரிசல் வழியா தண்ணி உள்ள போகும், ஆனா திரும்பி வர முடியாது. உள்ளயே நின்னு செங்கல்ல இருக்கற உப்பைக் கரைச்சு, பூச்சுக்கு அடியில வந்து காஞ்சு, உப்பு பூக்கும். உப்புக் கட்டி வளர வளர பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். ஒரு நாள் தள்ளிடும். அதைத்தான் அந்தப் பொண்ணு பாத்துச்சு.

கட்டட வேலையில பழைய விதி ஒண்ணு இருக்கு. மேல பூசறது எப்பவும் அடியில இருக்கறதை விட பலம் கம்மியா இருக்கணும். உதிர்ந்தா பூச்சு உதிரட்டும், சுவர் பிழைக்கட்டும். நான் தலைகீழா பண்ணினேன். கையால நீவினா மாவா உதிரற செங்கல் மேல கான்கிரீட் மாதிரி ஒரு ஓட்டைப் போட்டேன்.

இன்னும் ஒண்ணு கவனிச்சீங்களா? நாலு பக்கமும் ஒரே பூச்சு, ஒரே கொத்தனார், ஒரே வருஷம். ஆனா மேற்குச் சுவர்தான் ரொம்ப மோசம். அடுத்தது வடக்குச் சுவர்ல ஒரே ஒரு இடம். கிழக்குப் பக்கம் இன்னும் நல்லாத்தான் இருக்கு. சிமெண்டு மட்டுமே குத்தவாளின்னா நாலு பக்கமும் ஒண்ணா விழணுமே.

பொந்தியான்ல பொறந்தவங்களுக்கு மேற்கு ஏன்னு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. மேற்கே மலாக்கா நீரிணை. விடியக்காலை சுமத்ராவிலிருந்து கிளம்பி வர்ற காத்து மழையை நேரா சாய்ச்சு அடிக்கும். தூக்கத்துல எந்திரிச்சு ஜன்னல் சாத்தாத வீடு இங்க இருக்கா? இங்க வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல மழை. அதுல கடல் பக்கத்திலிருந்து வர்றது கூரையில விழாது, சுவர்லதான் விழும். கூட கடல் காத்து உப்பையும் கொண்டு வரும். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான்"னு பழமொழி. சுவருக்கும் அது அப்படியே பொருந்தும். உப்பு ஏறின சுவர் மழை இல்லாத நாள்லயும் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக் குடிக்கும். சில நாள் காலையில மழையே இல்லாம சுவர் வேர்த்திருக்கும் பாருங்க, அது அதுதான்.

வடக்குல அந்த ஒரு இடம் எதுன்னு பாத்தீங்கன்னா, கோமுகிக்குக் கீழ. அபிஷேகத் தண்ணி வெளிய வர்ற இடம். கருவறைக்குள்ள தளக்கல் இணைப்பு விட்டுப்போய், பாலும் இளநீரும் பஞ்சாமிர்தமும் கோமுகி வழியா வர்றதுல ஒரு பங்கு சுவருக்குள்ளயே இறங்குது. மஞ்சளா கறை தெரியுதே, கிட்டப் போய் மோந்து பாருங்க. வெளிய எந்தப் பூச்சு போட்டாலும் அது நிக்காது. உள்ள இருந்து வர்ற தண்ணிக்கு வெளிச்சட்டை மாத்தி என்ன பிரயோஜனம்?

இன்னொரு காரணத்துக்கு நம்ம எல்லாருமே பொறுப்பு. ஒவ்வொரு திருப்பணிக்கும் வெளிப் பிரகாரத்துல மண்ணைக் கொட்டி தளத்தை உயர்த்தி டைல்ஸ் போட்டோம். சுவத்தோட பழைய அடிப்பகுதி இப்ப தரைக்குக் கீழ. டைல்ஸ்ல விழற மழைத்தண்ணி தெறிச்சு சுவத்துலதான் அடிக்குது. வாய்க்காலுக்கு வாட்டம் இல்ல. கீழ இருந்து ஈரம், மேல இருந்து ஈரம், உள்ள இருந்து ஈரம். இதுல "சிமெண்டுக்குப் பதிலா என்ன போடலாம்"னு கேக்கறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வியை யாரும் கேக்கல.

சரி, அவங்க சொல்ற பதில்களையே எடுத்துக்குவோம்.

அலுமினியம் பேனல். ரெண்டு மெல்லிசு தகடு, நடுவுல பிளாஸ்டிக், மொத்தமே 4 மில்லிமீட்டர் கனம். எல்லாப் பேனலும் ஒண்ணு இல்ல, நெருப்பு பிடிக்காத வகையும் இருக்கு. ஆனா மலிவானதுல நடுவுல இருக்கறது பாலித்தீன், அது எரியும். 2017 ஜூன் 14, லண்டன் கிரென்ஃபெல் கட்டடம் ஞாபகம் இருக்கா? 24 மாடி, 72 பேர் செத்தாங்க. தீ ஒரு வீட்டு சமையலறையில ஆரம்பிச்சது. மேல வரைக்கும் தூக்கிட்டுப் போனது முந்தின வருஷம் அழகுக்கும் குளிருக்கும்னு வெளிய மாட்டின பேனல். லண்டன் தூரம்னா 2018 பிப்ரவரியில பெட்டாலிங் ஜெயாவுல ஜாலான் காசிங் இபிஎஃப் கட்டடத்தோட வெளிப்பக்கம் பத்தி எரிஞ்சதே, நம்ம ஊர் டிவியிலயே பாத்தோம்.

அது ஆபீஸ், இது கோவில். நம்ம இடத்துல நெருப்பு வழிபாட்டோட ஒரு பங்கு. ஹோமம் வளக்கறோம், தீச்சட்டி எடுக்கறோம், சூடம் ஏத்தறோம். கார்த்திகை அன்னைக்கு வெளிச்சுவர் விளிம்பு பூரா அகல் வெச்சு எண்ணெய் ஊத்தறோம். தீபாவளிக்குப் பசங்க ராக்கெட்டு விடற திசையை யாராலயும் சொல்ல முடியாது. இந்த சுவத்துல போயி எரியற சரக்கை மாட்டறதா? கொட்டேஷன்ல பேனலுக்கு நடுவுல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. நான் கேட்டேன். "அதெல்லாம் ஸ்டாண்டர்டு சரக்குதான் அங்கிள்"னார். ஸ்டாண்டர்டுன்னா எந்தத் தீப் பரிசோதனை, சர்டிபிகேட் எங்க? பதில் இல்ல.

நெருப்பை விடுங்க. பேனலுக்கும் சுவருக்கும் நடுவுல சந்து இருக்கும். குளவி, எலி, வவ்வால் எல்லாம் குடியேறும். இணைப்புல வைக்கற சிலிகான் நம்ம வெயில்ல வெடிக்கும். கடல் காத்துல இரும்பு பிராக்கெட்டு துருப்பிடிக்கும். பின்னால சுவர் நனைஞ்சா கண்ணுக்கே தெரியாது. இப்ப காரை விழுந்துதான் நமக்கு விஷயம் தெரிஞ்சுது. பேனல் போட்டிருந்தா சுவரே உள்ளுக்குள்ள கரைஞ்சு போற வரைக்கும் பளபளன்னு சிரிச்சுக்கிட்டு நிக்கும்.

போம் தூண், போம் யாளி. வெள்ளைப் பெட்டி போம் மேல வலையை ஒட்டி, மெல்லிசா ஒரு பூச்சு. கல்யாண மேடைக்கு சரி. விரலால அழுத்தினா குழி விழுது, எறும்பு கூடு கட்டுது. அமெரிக்காவுல வட கரோலினா வில்மிங்டன்ல 1990கள்ல இந்த மாதிரி போம் பூச்சு போட்ட வீடுகளைத் திறந்து பாத்தா உள்ள இருந்த மரச்சட்டம் எல்லாம் இத்துப் போயிருந்துச்சு. ஜன்னல் ஓரமா உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்ல. நம்ம சுவர் மரம் இல்ல, செங்கல், அந்த அளவுக்கு இத்துப் போகாதுன்னு நியாயமா சொல்லிடறேன். ஆனா தண்ணி மாட்டிக்கிற கதை அதேதான்.

இடுப்பளவு கிரானைட். இது நம்ம நாட்டுக் கோவில்கள்ல ஒரு வியாதி மாதிரி பரவுது. கீழ ஈரம் தெரியுதா, கல்லை ஒட்டி மறை. ஈரம் மறைஞ்சா போயிடுச்சுன்னு அர்த்தமா? கீழ வெளிய வர முடியாத ஈரம் இன்னும் மேல ஏறி, கல்லு முடியற இடத்துக்கு மேல உப்பு பூக்கும். அப்புறம் கல்லை இன்னும் ரெண்டு அடி உயர்த்துவோம். இப்படியே போனா விமானம் வரைக்கும் கிரானைட்டுதான்.

ரப்பர் பெயிண்டு. நல்ல காஞ்ச கான்கிரீட்டுக்கு அது நல்லா உழைக்கும், நானே அடிச்சிருக்கேன். ஈரச் சுவத்துல அடிச்சா தோலுக்கடியில தண்ணி கோத்து கொப்புளம் வரும். ஊசியால குத்தினா சொட்டும். வேடிக்கை பாக்கணும்னா மடப்பள்ளிக்குப் பின்னால போய்ப் பாருங்க, அங்க ஏற்கனவே அடிச்சாச்சு.

சிலர் ஜொகூர் பாரு கண்ணாடிக் கோவிலைச் சொல்றாங்க. "ராஜகாளியம்மன் கோவில்ல பூசின சுவரையே பாக்க முடியாது, பூரா கண்ணாடி. அவங்க பண்ணலாம், நம்ம பண்ணக் கூடாதா?" நானும் குடும்பத்தோட போயி கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தவன்தான். 1922ல சின்னக் குடிசையா இருந்த கோவில் இன்னைக்கு நாட்டோட முதல் கண்ணாடிக் கோவில்னு 2010ல மலேசிய சாதனைப் புத்தகத்துல ஏறியிருக்கு. நமக்கெல்லாம் பெருமை. ஆனா அந்தச் சுமார் மூணு லட்சம் கண்ணாடித் துண்டும் பெரும்பாலும் உட்புறத்துல. மழை சாய்ச்சு அடிக்காத இடம். முழுசா திரும்பக் கட்டி, திட்டம் போட்டுப் பதிச்சது. நம்மளோடது உப்பு ஏறின பழைய செங்கல், அதுவும் கடலைப் பாத்த வெளிச்சுவர். அவங்க அழகைப் பாத்து நம்ம சுவத்தோட வியாதியை மறந்துடக் கூடாது.

அப்ப நான் என்னதான் சொல்றேன்?

பழைய செங்கல் சுவருக்கு சுண்ணாம்பு. திரும்பவும் சுண்ணாம்பு. இது பழம்பெருமை பேசறதுக்காகச் சொல்றதில்ல. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்துல காப்புரிமை வாங்கினதே 1824லதான். அதுக்கு முன்னால நின்ன கோபுரம் எல்லாம் எதுல நின்னுச்சு? சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணி, வெல்லம். வெத்தலைக்குத் தடவற அதே சுண்ணாம்புதான். கல்லைச் சுட்டு, தண்ணியில நீத்து, சலிச்சு, வாரக்கணக்குல ஊற வெச்சு, மணலோட அரைச்சு, மெல்லிசா ரெண்டு மூணு தடவையா பூசறது. காத்துல இருக்கற கரியமிலவாயுவைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டு அது திரும்பக் கல்லா மாறும். சின்ன விரிசல் வந்தா மழைத்தண்ணியில கொஞ்சம் கரைஞ்சு, திரும்பப் படிஞ்சு, தானே மூடிக்கும். முக்கியமா, ஈரத்தை வெளிய விடும்.

நம்ம ஆகமமே இதைக் கணக்குல வெச்சுத்தான் இருக்குன்னு எனக்குத் தோணும். 12 வருஷத்துக்கு ஒரு தடவை பாலாலயம் பண்ணி, அஷ்டபந்தனம் மாத்தி, சுதையைச் சரி பண்ணி, வர்ணம் தீட்டி, திரும்ப உயிர் கொடுக்கறோம். ஜீரணமானதைப் புதுப்பிக்கறதுதானே ஜீர்ணோத்தாரணம். சுதையில மூக்கு உடைஞ்சா ஸ்தபதி வந்து மூக்கை மட்டும் ஒட்டுவார். பேனல் நசுங்கினா? அந்தக் கலர், அந்த மாடல் பத்து வருஷம் கழிச்சு எந்தக் கடையில கிடைக்கும்? கொட்டேஷன்ல வாரண்டி 5 வருஷம். நம்ம கணக்கு 12 வருஷம். மிச்சம் 7 வருஷத்துக்கு யாரு பொறுப்பு?

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் 2010லயும் அப்புறம் 2023 பிப்ரவரி 12லயும் கும்பாபிஷேகம் கண்டுச்சு. பேனலோ கிரேனோ அவங்களுக்குக் கிடைக்காததா? கோபுரத்தை மூடல. சாரம் கட்டி, சுதையைச் சரி பண்ணி வர்ணம் அடிச்சாங்க. பினாங்கு ஜார்ஜ்டவுன் 2008ல உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ஏறினதுக்கப்புறம் அங்க பழைய கடைவீடுகளுக்கே சிமெண்டு வேண்டாம், சுண்ணாம்பு பூசுன்னு வழிகாட்டி இருக்கு. கடைவீட்டுக்கு உள்ள மரியாதை கருவறைக்கு வேண்டாமா?

தமிழ்நாட்டுலயும் இதே கூத்துதான் நடந்துச்சு. திருப்பணின்னு சொல்லி கல் சுவத்துல மணல் வீச்சு அடிச்சு, சிமெண்டு அப்பி, டைல்ஸ் ஒட்டினாங்க. யுனெஸ்கோ குழு நேர்ல வந்து பாத்து அறிக்கை எழுதற அளவுக்குப் போச்சு. 2021 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் பழைய கோவில்களைப் பாதுகாக்க 75 உத்தரவு போட்டுச்சு. அதே சமயத்துல ஸ்ரீரங்கத்துல பிற்காலத்துல ஒட்டினதையெல்லாம் அகற்றி, பழைய முறையில சரி பண்ணி, 2017ல யுனெஸ்கோ விருதும் வாங்கினாங்க. ரெண்டு வழியும் நம்ம கண்ணு முன்னாலதான் இருக்கு.

இப்ப எதிர்க்கேள்விகளுக்கு வர்றேன். ஏன்னா எல்லாமே நியாயமான கேள்விங்க.

"சுண்ணாம்புக்கு யாரு இருக்கா, எங்க வாங்கறது?" ஈப்போ பக்கம் மலையே சுண்ணாம்புக் கல்லு. அங்கயே சுட்டு மூட்டையில விக்கறாங்க. லோரிக்கு ஒரு நாள் ஓட்டம். ஆளுதான் கஷ்டம், ஒத்துக்கறேன். ஆனா விமானத்து சுதை வேலைக்கு எப்படியும் சிற்பிங்க வரத்தான் போறாங்க. அவங்களுக்கு இது கை வந்த வேலை. நம்ம பசங்க நாலு பேரு கூட நின்னு கத்துக்கட்டும், அடுத்த 12 வருஷத்துக்கு யாரையும் தேட வேண்டாம்.

"நம்ம ஊர் மழையில சுண்ணாம்பு காயாதே?" உண்மை. இதுதான் அதோட பலவீனம். பூசி சில வாரம் நேர் மழையும் நேர் வெயிலும் படாம சாக்கும் தார்ப்பாயும் கட்டணும், தினமும் பாக்கணும். அவசரப்பட்டா மாவா போயிடும். மேற்குச் சுவத்துல அதுவும் தாங்காதுன்னு ஸ்தபதி சொன்னா, ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு கழுவின ஆத்து மணல்னு ஒரு கலவை இருக்கு. சிமெண்டோட பிடிப்பும் கிடைக்கும், சுண்ணாம்போட இளக்கமும் கிடைக்கும். அசல் சுண்ணாம்பு அளவுக்கு மூச்சு விடாது, ஆனா நான் போட்ட ஒண்ணுக்கு மூணை விட ஆயிரம் மடங்கு தேவலாம். நான் வெறும் சுண்ணாம்புப் பைத்தியம் இல்ல.

புது அன்னதான மண்டபம் இருக்கே, அது கான்கிரீட் தூணும் சிமெண்டுக் கல்லும். அதுக்குச் சுண்ணாம்பே வேண்டாம். மூட்டையில ரெடியா வர்ற பாலிமர் கலந்த பூச்சு போடுங்க, அந்த சுவருக்கு அதுதான் சரி. தூணும் கல்லும் சேர்ற இடத்துல மட்டும் வலை வெச்சுப் பூசணும், இல்லேன்னா கோடு போட்ட மாதிரி விரிசல் வரும். ஸ்டோர் ரூமுக்கு பைபர் சிமெண்டு பலகை போதும். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு மருந்து. புத்தகத்துல ஒரே பக்கத்தைக் காட்டி மொத்தக் கோவிலுக்கும் ஒரே சட்டை தைக்கறதைத்தான் வேண்டாம்ங்கறேன்.

"நாள் குறிச்சாச்சு, பத்திரிகை அடிக்கணும்." இதுதான் பெரிய தலைவலி. சுவருக்குப் பஞ்சாங்கம் தெரியாது. கட்டட வேலையில பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க, ஒரு அங்குலச் சுவர் காய ஏறக்குறைய ஒரு மாசம்னு. நம்ம மேற்குச் சுவர் ஒன்பது அங்குலம். ரெண்டு பக்கமும் காத்துப் பட்டாலே நாலஞ்சு மாசம். நாளைத் தள்ள வேண்டாம்னா ஒரு வழி இருக்கு. கருவறையும் விமானமும் முறைப்படி முடிச்சு கும்பாபிஷேகத்தை நடத்துங்க. மேற்குச் சுவத்துல தொங்கற காரையை எல்லாம் தட்டி எடுத்துட்டு, செங்கலுக்கு வெறும் சுண்ணாம்பு வெள்ளை அடிச்சுக் காயவிடுங்க. பூச்சு அடுத்த வருஷம்.

இதைச் சொன்னதும் ஒருத்தர், "செங்கல் தெரியறப்ப ஒய்பி வந்தா அசிங்கமா இருக்காதா லா?"ன்னார். ஐயா, ஒய்பி ரெண்டு மணி நேரம் இருப்பார். அதுல ஒன்றரை மணி நேரம் மாலை, பொன்னாடை, பேச்சு. மேற்குச் சுவர் பக்கம் அவர் போறது கார் எடுக்கத்தான்.

அலட்சியமா இருக்கக் கூடாத விஷயம் ஒண்ணு பாக்கி இருக்கு. தென்மேற்கு மூலையில படிக்கட்டு மாதிரி சரிஞ்சு போற விரிசல். அது பூச்சு விரிசல் மாதிரி எனக்குத் தெரியல. நம்ம வட்டாரத்துல பல இடத்துல அடியில தானா கம்புட், அதாவது கரி மண். அன்னாசித் தோட்டத்துக்கு வாய்க்கால் வெட்டி தண்ணி வடிஞ்சா அந்த மண்ணு சுருங்கி இறங்கும். ஒரு பக்கம் அதிகமா இறங்கினா சுவர் கிழியும். விரிசல் மேல குறுக்கா ஒரு மெல்லிசு கண்ணாடித் துண்டை ஒட்டி தேதி எழுதணும். கண்ணாடி உடைஞ்சா சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம். அப்ப பூச்சு வேலைக்காரர் வேண்டாம், இன்ஜினியர் வேணும். காளஹஸ்தி ராஜகோபுரம், 1516ல கிருஷ்ணதேவராயர் கட்டினது, 2010 மே 26 ராத்திரி அப்படியே உக்காந்துடுச்சு. அங்கயும் விரிசல் ரொம்ப நாளா கண்ணுக்குத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நம்ம மூலையைப் பேனல் போட்டு மறைச்சுட்டா கண்ணாடித் துண்டு ஒட்டக்கூட இடம் இருக்காது.

பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை. திருப்பணி நிதியில ஒரு பங்கு மானியமா வரலாம். மிச்சம் எங்கிருந்து வருதுன்னு உண்டியல் எண்ற எங்களுக்குத் தெரியும். சுருட்டி மடிச்ச ஒரு வெள்ளி, அஞ்சு வெள்ளி நோட்டுங்க. செம்பனைத் தோட்டத்துல பழம் பொறுக்கின கையால போட்டது. ஒரு பாட்டி "சுவத்துக்கு"ன்னு தனியா கவர்ல எழுதிக் கொடுத்தாங்க. அதை எடுத்துக்கிட்டுப் போயி 5 வருஷ வாரண்டி தகட்டுல கொட்டறதுக்கு எனக்கு மனசு வரல. ஏற்கனவே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டு சனங்க காசு வீணாச்சு.

தலைவர் ஐயா மேல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல, கோவிலுக்காக வீட்டை மறந்து ஓடற மனுஷன். செயலாளர் தம்பி அழகா இருக்கணும்னு ஆசைப்படறது தப்பும் இல்ல. நான் கேக்கறது இவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேனல் கொட்டேஷன்ல கையெழுத்து போடாதீங்க. கோமுகி இணைப்பையும் வாய்க்காலையும் முதல்ல சரி பண்ணுங்க. டைல்ஸை சுவத்துல இருந்து ஒரு முழம் தள்ளி வெட்டி எடுங்க, தண்ணி தெறிக்காம கூழாங்கல் கொட்டலாம். மேற்குச் சுவத்துல பூச்சை எடுத்துட்டு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மூணு கட்டம் போடுவோம். ஒண்ணு வெறும் சுண்ணாம்பு, ஒண்ணு ஒண்ணுக்கு ஒண்ணு ஆறு கலவை, ஒண்ணு ரெடிமிக்ஸ். ஒரு மழைக்காலம் பூரா அடி வாங்கட்டும். எது நிக்குதோ அதைப் பூசலாம். என் கட்டம் தோத்தா நானே மைக்குல சொல்லிட்டு உக்காந்துக்கறேன். பரிசோதனைக் கட்டத்துக்கு சரக்கு செலவு என்னோடது.

கூட்டம் 10 மணிக்கு. முடிஞ்சவங்க 9 மணிக்கே மேற்குச் சுவருகிட்ட வாங்க. ஆளுக்கு ஒரு ஐம்பது காசு எடுத்துட்டு வந்தா போதும். காசால சுவத்தைத் தட்டிக்கிட்டே போகணும். கெட்டியா சத்தம் வந்தா விட்டுடலாம், பொக்குன்னு வந்தா அங்க சாக்பீஸ்ல வட்டம் போடணும். சாக்பீஸ் நான் கொண்டு வர்றேன். பிள்ளைங்களைப் பின்னாலயே நிக்க வைங்க, ஹெல்மெட் இருந்தா மாட்டிக்கோங்க. எத்தனை வட்டம்னு எண்ணிட்டு உள்ள போய்ப் பேசலாம். 🙏